நில்கல கற்களைப் பற்றி லுணுகலையில் ஒரு நாள் பேசினால் என்ன?

 

தரம் 10 வகுப்பில் கற்காலம் பற்றிப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். 1907இல் பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற இரண்டு சுவிஸ் ஆய்வாளர்கள் நில்கல குகையில் ஆதி மனிதரின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள் என்று சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "சேர், நம்ம பிபிலைக்கு அங்கால இருக்கிற நில்கலயா?" என்று கேட்டான். "ஆமா மகன், அதே நில்கலதான்" என்றேன். அதுவரை கொட்டாவி விட்ட வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த வருடமே, 1908இல், அவர்கள் அதை ஜெர்மன் மொழியில் நூலாக எழுதிவிட்டார்கள். நூறு வருடம் தாண்டியும், பக்கத்தில் இருக்கும் நம்ம பிள்ளைக்கு அது புதினம்! பண்டைய காலம் பற்றிய மாநாடுகளும் சொற்பொழிவுகளும் பெரும்பாலும் கொழும்பு மண்டபங்களில், ஆங்கிலத்தில் நடக்கின்றன. லயத்துப் பிள்ளை அங்கே எப்படிப் போகும்?

எந்த ஊரில், எந்த மொழியில் நடக்கிறது என்பது சின்ன விசயம் இல்லை. 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கொழும்பில் வைக்க வேண்டும் என்று அரசாங்கம் நின்றது. யாழ்ப்பாணத்திலேயே வைப்போம் என்று பேராசிரியர் சு. வித்தியானந்தனும் மற்றவர்களும் நின்றார்கள். அதன் முடிவில் உயிர்கள் போன வேதனை யாருக்கும் மறக்காது. ஆனால் மாநாடு ஊருக்கு வந்தபடியால்தான் சாதாரண சனமும் திரண்டு வந்தது.

"கணிதத்துக்கே ஆசிரியர் இல்லை, இதில் கற்காலம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம்ம பிள்ளைகள் பழங்காலத்தை இப்போது எங்கே படிக்கிறார்கள்? வாட்ஸ்அப்பில். "யார் முதலில் வந்தது, யார் வந்தேறி" என்ற சண்டையாகத்தான் அது அவர்கள் கையில் வந்து சேருகிறது. தோட்டத்துப் பிள்ளையிடமும் கேட்கிறார்கள், முஸ்லிம் பிள்ளையிடமும் கேட்கிறார்கள்: நீ எங்கேயிருந்து வந்தாய்?

நில்கலயில் அந்தக் கல்லைச் செதுக்கியவன் சிங்களவனும் இல்லை, தமிழனும் இல்லை, முஸ்லிமும் இல்லை. இந்தப் பெயர்கள் எல்லாம் வருவதற்கு முந்தியவன் அவன். இதை ஒரு அறிஞர் வாயால், ஆதாரத்தோடு, தமிழில் கேட்ட பிள்ளையைப் பொய்ப் பதிவு போட்டு ஏமாற்றுவது லேசில்லை.

பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் தொல்லியல் படிப்பிக்கிறார்கள். ஒரு விரிவுரையாளரை ஒரு சனிக்கிழமை இங்கே அழைப்போம். பாடசாலை மண்டபம் போதும். பஸ் காசும் பகல் சாப்பாடும் நாம் பார்த்துக்கொள்வோம். பள்ளிவாசல், கோயில், பன்சல, தேவாலயம் என்று எல்லாப் பக்கமும் சொல்லி அனுப்புவோம். சிங்களப் பிள்ளைகளும் வரட்டும், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது.

பழைய மாணவர்களே, பெற்றோரே, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். முதல் செலவுக்கு என் பங்கு தயார், இன்ஷா அல்லாஹ்.