ஒரு கோடா, இரண்டு கோடா?

“டெஸ்ட் எடுத்தேன், ஒரு கோடுதான் வந்தது. கல்யாணத்துக்குப் போகலாம்தானே?”

நேயர்கள் அனுப்பும் குரல் பதிவுகளில் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. கோவிட் காலத்தில் தொடங்கியது, இப்போது ஃபுளூவுக்கும் கேட்கிறார்கள். பாடாங் செராய், லுனாஸ் பக்கத்திலிருந்து வந்தால் கேள்விக்குப் பின்னால் ஒரு வீடே நிற்கும். முன் அறையில் பாட்டி, நடுவில் பள்ளிப் பிள்ளைகள், கூலிம் ஹைடெக்கில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் அண்ணன். ஒருவர் இருமினால் மூன்று தலைமுறைக்கும் கேட்கும்.

மருந்துக் கடையில் வாங்கும் இந்தக் கருவி, கர்ப்பம் பார்க்கும் கருவியைப் போலத்தான் வேலை செய்கிறது. எச்சிலிலோ மூக்குச் சளியிலோ கிருமியின் புரதம் இருந்தால் ‘டி’ பக்கம் கோடு விழும். ‘சி’ கோடு விழாவிட்டால் அந்தக் கருவியைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுங்கள். மங்கலான ‘டி’ கோடும் கோடுதான். விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்து “இல்லை” என்று முடிவு கட்ட வேண்டாம்.

கோடு விழ, கிருமி நிறைய இருக்க வேண்டும். பிசிஆர் பரிசோதனை அப்படியல்ல. கிருமியின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பதால், குணமாகி வாரக்கணக்கு ஆன பிறகும் ‘இருக்கிறது’ என்று சொல்லக்கூடும். இதனால்தான் 2020-இல் ஹார்வர்டில் இருந்த தொற்றுநோய் ஆய்வாளர் மைக்கேல் மினா, மலிவான கருவியை வீடு வீடாகக் கொடுங்கள் என்று விடாமல் வாதாடினார். கிருமி நிறைய இருக்கும் நாள்களில்தான் மற்றவருக்குப் பரப்புகிறோம், அந்த நாள்களைத்தான் இந்தக் கருவி பிடிக்கிறது என்பது அவர் வாதம்.

ஆனால் தொற்றிய முதல் நாள்களில் கிருமி குறைவு. அப்போது எடுத்தால் ஒரு கோடுதான் வரும். கெடாக்காரர்கள் இந்தப் பாடத்தை 2020-லேயே படித்துவிட்டோம். அந்த ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒருவருக்கு, வந்து இறங்கியதும் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்றே வந்தது. வீட்டில் 14 நாள் தனித்திருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை. பிறகு தொற்று உறுதியானபோது அது பலருக்குப் பரவியிருந்தது. ‘சிவகங்கா’ திரள் என்று நாடே பேசியது. நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அது வீட்டில் எடுத்த பரிசோதனைகூட அல்ல, அதிகாரிகள் எடுத்தது. நம் அண்டை வீட்டுப் பேச்சில் அந்த மனிதரைத் திட்டியது மட்டும் நிலைத்துவிட்டது. முதல் நாள் ‘இல்லை’ என்ற முடிவு எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதை மறந்துவிட்டோம்.

அதனால் ஒரு முறை போதாது. கோவிட் விஷயத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சொன்னது இது: அறிகுறி இருந்து ஒரு கோடு வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். அறிகுறி இல்லாதவர் அதே இடைவெளியில் மூன்று முறை எடுக்க வேண்டும். ஃபுளூ கருவி இன்னும் பலவீனம். தொற்றுள்ள 100 பேரில் 50 முதல் 70 பேரைத்தான் அது கண்டுபிடிக்கும். 2025 அக்டோபரில் நாடு முழுக்க சுமார் 6,000 மாணவர்களுக்குத் தொற்று பரவி, சில பள்ளிகளை மூடியபோது, ஒற்றைக் கோட்டை நம்பிக் காய்ச்சலோடு பிள்ளையை வகுப்புக்கு அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். பெரும்பாலான கருவிகளை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மதியம் காருக்குள் விட்டுவைத்ததை நம்ப வேண்டாம். எச்சில் கருவி என்றால் அரை மணி நேரத்துக்கு முன்பே தே தாரிக்கை நிறுத்திவிடுங்கள்.

விலை இப்போது தடையில்லை. 2021 செப்டம்பரில் அரசு வைத்த உச்ச விலை 19 ரிங்கிட் 90 சென். ஐந்து பேர் வீட்டுக்கு ஏறக்குறைய 100 ரிங்கிட். 2022 பிப்ரவரியில் அது 6 ரிங்கிட் 90 சென்னாக இறங்கியது. இன்றைக்கு ஒருவர் பரிசோதனை எடுக்கத் தயங்கினால், பெரும்பாலும் அந்த ஏழு வெள்ளிக்காக அல்ல. இரண்டாவது கோடு விழுந்தால் போகும் சம்பளத்துக்காக. “எடுத்தால்தானே தெரியும், விடுங்கண்ணே” என்று சொல்பவரை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்.

அந்தக் கணக்கில் விடுபடுவது ஒன்று உண்டு. 1955 வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 18, அதற்கு மேல் 22. ஆனால் கையில் எம்.சி. இருக்க வேண்டும். கருவியைப் படம் பிடித்து சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப் செய்தால் அது எம்.சி. ஆகாது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். இரண்டு கோடு விழுந்த அன்றே போய்விடுங்கள்.

நாள் கூலிக்குப் போகிறவர், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்ப்பவர் கையில் இந்தச் சட்டம் நிற்பதில்லை. அவர்கள் வீட்டில் இரண்டு கோடு விழுந்தால், அன்றைய சமையலில் ஒரு தட்டு அங்கே போவதுதான் அக்கம்பக்கம் செய்யக்கூடியது. வீட்டுக்குள்ளே பாட்டியை ஜன்னல் திறக்கிற அறைக்கு மாற்றுங்கள். முகக்கவரியைப் பாட்டிக்கு மட்டுமல்ல, இருமுகிறவருக்கும் மாட்டுங்கள். 48 மணி நேரம் கழித்து இன்னொரு கருவியைப் பிரியுங்கள்.