ஷெட்டில் கிடந்த நாள் யார் கணக்கில்?

கறவை மாடு வாங்கப் போகும் விவசாயி சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், இரண்டு வேளை கறந்தும் பார்ப்பார். எட்டு லட்சம், பத்து லட்சம் கொடுத்துப் புதுக் கார் வாங்கும்போது மட்டும் வாரண்டிப் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. சாவியோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வரும் அந்தப் புத்தகம், பூஜை முடிந்த கையோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. கியர் விழாமல் வண்டி நடுரோட்டில் நிற்கும் அன்றுதான் மறுபடி வெளியே வருகிறது.

நெம்மேலி, கிருஷ்ணன்காரணை, பட்டிபுலம் போன்ற கிழக்குக் கடற்கரைச் சாலைக் கிராமங்களில் கார் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. காலையில் கத்தரிக்காய் மூட்டை அதில் சந்தைக்குப் போகிறது. பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதே வண்டிதான். தர்பூசணிக் காலத்தில் சிறிய லோடு வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு வாரம் வண்டி இல்லை என்றால், அறுத்த காய் வயலிலேயே வெம்பிப்போகும்; அல்லது வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். பட்டணத்தில் மாதச் சம்பளக்காரரின் கார் ஒர்க்ஷாப்பில் கிடந்தால் அவர் பஸ்ஸில் போவார். விவசாயியின் வண்டி கிடந்தால் அறுவடையும் சேர்ந்து கிடக்கிறது.

வாரண்டியில் இலவசமாகப் பழுதுபார்க்கத் தகுதியுள்ள ஒர்க்ஷாப் பெரும்பாலும் பழைய மகாபலிபுரம் சாலையிலோ, ஜி.எஸ்.டி. சாலையிலோ இருக்கிறது. பக்கத்து ஊர் மெக்கானிக் அரை மணியில் சரிசெய்யக்கூடிய வேலை என்றாலும் அவரைக் கை வைக்க விட்டால் வாரண்டி போய்விடும் என்பது நிபந்தனை. எனவே ஒரு நாள் வேலையை விட்டு வண்டியை ஓட்டியோ, கட்டி இழுத்தோ கொண்டுபோக வேண்டும். அங்கே போனால், ‘பார்ட்ஸ் வரவில்லை’, ‘கம்பெனி ஒப்புதல் வரவில்லை’, ‘மெக்கானிக் லீவு’, ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற நான்கு பதில்கள் மாறி மாறிக் கிடைக்கும். இவற்றிலும் மோசமானது ஐந்தாவது பதில்: ‘ஓட்டிப் பார்த்தோம், ஒரு கோளாறும் தெரியவில்லை.’

டீலர் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். வாரண்டி வேலைக்குக் கம்பெனி கொடுக்கும் கூலி குறைவு, அதுவும் தாமதமாக வருகிறது, சில சமயம் மறுக்கப்படுகிறது என்பது அவர்கள் வாதம். இருக்கலாம். அதனால்தான் கைக்காசு கொடுப்பவர் வண்டி முதலில் மேடை ஏறுகிறது. வாரண்டி வண்டி மூலையில் தூசு படிந்து நிற்கிறது. ஆனால் டீலருக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு வழக்கில் விவசாயிக்கு என்ன சம்பந்தம்? வண்டி விற்கும்போது அவர்கள் இருவரும் ஒருவர். பழுது வந்த பிறகு மட்டும் இருவராகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 ஆண்டு வாரண்டி உள்ள ஒரு வண்டி, கியர் பாக்ஸில் ஒரே கோளாறுக்காக 5 முறை ஒர்க்ஷாப்புக்குப் போகிறது, ஒவ்வொரு முறையும் 12 நாள் அங்கே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நாள். அந்த 60 நாளும் வாரண்டியில் கழிகின்றன. இன்சூரன்ஸ் கட்டியதும் கழிகிறது. பாங்குத் தவணையோ நிற்காமல் ஓடுகிறது. பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்களில், பழுதுபார்த்ததாலோ உதிரி பாகம் மாற்றியதாலோ வாரண்டிக் காலம் நீளாது என்று ஒரு வரி இருக்கும். அதாவது ஓடாத வண்டிக்கும் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும். தாமதம் செய்கிறவருக்கே தாமதத்தால் லாபம் என்று ஏற்பாடு இருந்தால், வேலை எப்படிச் சுறுசுறுப்பாக நடக்கும்?

வெளிநாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் நுகர்வோர் வாரண்டிச் சட்டப்படி, பொருள் பழுதுபார்க்கக் கிடந்த நாட்கள் வாரண்டிக் காலத்தில் கழிவதில்லை. கனெக்டிகட் மாநிலம் 1982-ல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒரே கோளாறுக்காக 4 முறை பார்த்தும் தீராவிட்டால், அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்ஷாப்பில் கிடந்தால், வண்டியை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும் என்று சட்டம் செய்தது. பிறகு மற்ற மாநிலங்களும் பின்பற்றின. கோளாறு பிடித்த புது வண்டியை அவர்கள் ‘எலுமிச்சை’ என்கிறார்கள். சட்டத்துக்கும் அதே பெயர்தான். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டு வண்டியை எடுக்கும் நம்மவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். பெயர் எதுவானாலும், இத்தனை முறை, இத்தனை நாள் என்று எண் போட்டுச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. இங்கே வரவேண்டியது முதலில் அதுதான்.

கடலோரத்துக்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்று. நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது. அங்கே ஆலைக்கு வெளியே உப்பைப் பிரித்தெடுப்பார் யாருமில்லை. தகரக் கூரை, பம்பு செட் போல்ட், வேலிக் கம்பி எல்லாம் ஊர் அறிந்த வேகத்தில் துருப்பிடிக்கின்றன. காரின் அடித்தகடும் ஒயரிங் இணைப்புகளும் அதற்கு விலக்கல்ல. ஆனால் உப்பு, ரசாயனம் போன்ற சுற்றுப்புறக் காரணங்களால் வரும் துருவுக்கு வாரண்டி இல்லை என்று பல புத்தகங்களில் அச்சிட்டிருக்கிறார்கள். வண்டி பதிவு செய்யும்போது நெம்மேலி என்று விலாசம் எழுதி வாங்கிக்கொண்டவர்கள், துரு வந்த பிறகு ‘நீங்கள் கடலோரம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள்’ என்கிறார்கள்! சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரத்தில் வண்டி விற்கிற ஒருவர் இந்த நிபந்தனையை விற்கும்போதே வாயால் சொல்லக் கடமைப்பட்டவர். வாங்குகிறவரும் அட்வான்ஸ் கொடுக்குமுன், துருவுக்கு என்ன பாதுகாப்பு, எத்தனை ஆண்டு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம்.

சட்டம் அறவே துணையில்லை என்று சொல்வதற்கில்லை. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் செய்யப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது அதன் பெரிய நன்மை. கம்பெனி டில்லியில் இருந்தாலும் நெம்மேலிக்காரர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை.

வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, எனவே நீ நுகர்வோர் அல்ல என்று எதிர்த் தரப்பில் வாதிடுவது வழக்கம். பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்தும் பொருளுக்கு அந்தத் தடை கிடையாது. கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிலையம் சம்பந்தப்பட்ட ஒரு இயந்திர வழக்கில் 1995-ல் சுப்ரீம் கோர்ட் இதை விளக்கியது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய கம்பெனி தோற்றது. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க வண்டி வாங்குகிறவர் நுகர்வோரே என்பது அதில் தெளிவாயிற்று. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் தேசிய விதைக் கழக வழக்கிலும் தீர்ப்பாகியிருக்கிறது.

ஆனால் கேட்பதை அளந்து கேட்க வேண்டும். கோபத்தில் ‘புது வண்டியே வேண்டும்’ என்று மட்டும் எழுதுகிறவர்கள் பலர். மாருதி கம்பெனிக்கு எதிராக ஜம்முவைச் சேர்ந்த ஒருவர் கிளட்ச் கோளாறுக்காகப் போட்ட வழக்கில், வாரண்டி சொல்வது கெட்ட பாகத்தை மாற்றித் தருவதைத்தான், முழு வண்டியை அல்ல என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதேசமயம் ஹூண்டாய் வழக்கில், விபத்தின்போது காற்றுப் பை விரியாததற்கு வண்டியையே மாற்றிக் கொடுக்கச் சொன்ன உத்தரவை 2022-ல் அதே கோர்ட் உறுதி செய்தது. உயிர் சம்பந்தப்பட்ட பாதுகாப்புக் குறைக்கும், ஓட்டத்தில் வரும் கோளாறுக்கும் உள்ள வித்தியாசம் இது. கியர் பாக்ஸ் வழக்கில் உற்பத்திக் குறை என்று நிரூபிக்க இன்ஜினியர் அறிக்கை வேண்டியிருக்கும். அதற்கு நாளும் பணமும் ஆகும். ஆனால் ஒரே கோளாறுக்கு ஐந்து முறை அலைக்கழித்தது சேவைக் குறைபாடு. அதற்கு அறிக்கை வேண்டாம், ஐந்து ஜாப் கார்டு போதும். பழுதுபார்த்துத் தரவும், வண்டியில்லாத நாளுக்கும் போக்குவரத்துச் செலவுக்கும் ஈடு தரவும் கேட்கும் மனு, புது வண்டி கேட்கும் மனுவைவிடப் பலமானது. டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த் தரப்பில் காட்ட வேண்டும். டீலர் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகவே பொறுப்பாகாது என்று டாடா மோட்டார்ஸ் வழக்கில் 2021-ல் தீர்ப்பு வந்திருப்பதால், ஒவ்வொரு புகாரின் நகலையும் கம்பெனிக்கும் அனுப்பி, அவர்களுக்குத் தெரியும் என்பதைக் காகிதத்தில் ஏற்றிவிட வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். வாயால் சொன்னால் போதும், மனிதர் நம்பிக்கையானவர் என்று நினைக்கிறார்கள். சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் ‘ஜெனரல் செக்கப்’ என்று தட்டிக் கையெழுத்துக் கேட்கிறார், போட்டுவிட்டு வருகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் காகிதத்தில் கியர் பாக்ஸ் என்ற வார்த்தையே இருக்காது. ‘மூன்றாம் கியர் விழவில்லை, ஏற்றத்தில் நிற்கிறது’ என்று தமிழிலேயே தம் கையால் எழுதி, கிலோமீட்டரும் தேதியும் குறித்து, அதன் பிறகே கையெழுத்திட வேண்டும். எழுத விடமாட்டோம் என்றால், அன்றே அதை ஒரு கடிதமாக எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தலாம். வண்டியை விட்ட தேதி, எடுத்த தேதி இரண்டும் காகிதத்தில் வரவேண்டும். ஷெட்டில் கிடந்த நாளுக்கு அதுதான் சாட்சி. கோளாறு இல்லை என்று சொன்னால், அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். வாரண்டி முடியும்வரை வெளியே ஹாரன், லைட் என்று ஒயரை வெட்டி மாட்டாமலிருப்பதும், சர்வீஸ் தேதி தவறாமலிருப்பதும் அவசியம். இந்த இரண்டில் ஒன்றைக் காட்டித்தான் பெரும்பாலும் கை கழுவுகிறார்கள்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், செலவில்லை. அதில் தீராவிட்டால் ஆணையம். ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். ‘பார்க்கிறோம், பார்க்கிறோம்’ என்று டீலர் சொல்லும் வாய்வார்த்தை அந்த 2 ஆண்டை நிறுத்தி வைக்காது. பொறுமைசாலிகள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

டிராக்டர், பவர் டில்லர் வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். அங்கே வாரண்டி ‘இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அது’ என்று இருக்கும். சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் நவரைக்கும் உழுதுவிட்டு மீதி நாள் கொட்டகையில் நிற்கும் சிறு விவசாயியின் இயந்திரத்தில் மணி நேரம் நிரம்புவதே இல்லை, தேதிதான் முந்துகிறது. உழவு நாளில் நின்றுபோனால் பருவம் தப்பிவிடும். அந்த இழப்புக்கு வாரண்டிப் புத்தகத்தில் பக்கமே கிடையாது.

காருக்கு இல்லாத ஒரு கடிவாளம் இங்கே அரசின் கையில் இருக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் கொடுத்து இயந்திரம் வாங்க வைப்பது வேளாண்மைப் பொறியியல் துறை. எந்தக் கம்பெனி இயந்திரத்துக்கு மானியம் உண்டு என்பதையும் துறைதான் அங்கீகரிக்கிறது. பொதுப் பணம் பாதி போட்டவர்களுக்கு நிபந்தனை போடவும் உரிமை உண்டு. பழுதான நாள் வாரண்டியில் கழியக் கூடாது, ஜாப் கார்டு தமிழில் இருக்க வேண்டும், பருவ நாளில் இத்தனை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் மாற்று இயந்திரம் தர வேண்டும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, மீறுகிறவரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும். சட்டசபையில் புதுச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. டிராக்டருக்கு வந்துவிட்டால், காருக்கும் லோடு வண்டிக்கும் அதைக் கேட்பது எளிது.

செங்கல்பட்டில் மாதந்தோறும் கலெக்டர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஏரி மதகும் நெல் கொள்முதலும் பேசப்படுகின்றன; இயந்திர வாரண்டியும் பேசப்பட வேண்டும். வாய்ப்பேச்சாக அல்லாமல், ஊர் ஊராக எந்த இயந்திரம், எந்தத் தேதியில் விட்டது, எந்தத் தேதியில் திரும்பியது என்று ஜாப் கார்டு நகல்களோடு மனுவாகக் கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.