அடியாத நாய் படியும்

'அடியாத மாடு படியாது' என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். மாட்டிலே தொடங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை, வீட்டுப் பெண்டாட்டி என்று அதை எங்கெங்கெல்லாம் பிரயோகம் செய்தோம் என்பது நமக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. பெண்டாட்டியை அடித்தேன் என்று சபையிலே பெருமை பேச இன்று துணிவு கிடையாது. மிச்சம் இருப்பது நாய். அதன் முதுகிலே அந்தப் பழமொழி இன்னும் சௌக்கியமாகக் குடித்தனம் நடத்துகிறது.

என்னிடம் ஒரு நாய் இருக்கிறது. கோம்பைக் கலப்பு. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில், ஒரு மாந்தோப்பில் இரண்டு வருஷம் ஒரே மரத்தில் சங்கிலியோடு கிடந்தது. சைக்கிள் போனால் பாயும், குடை விரித்தால் பாயும். "நல்ல காவல் ஐயா!" என்று பூரித்துப்போன தோப்புக்காரர், தம் பேரனையே அது பாய வந்ததும் விஷம் வைக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்த பிறகு நானும் எல்லோரையும் போலத்தான் செய்தேன். பழக்குகிறவர் ஒருவரைக் கூலி பேசிக் கூட்டி வந்தேன். முள் வைத்த கழுத்துப் பட்டையும் ஒரு பிரம்புமாக வந்தார். பதினைந்தே நாளில் நாய் உறுமுவதை விட்டுவிட்டது. "பெட்டிப் பாம்பாக்கிவிட்டேன், பார்த்தீர்களா?" என்றார். மூன்றாம் வாரம், ஒரு சத்தமும் இல்லாமல், பால்காரரின் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. புண்ணைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் அடித்து விரட்டியது உறுமலைத்தான். பயம் உள்ளேயே இருந்தது. உறுமல் என்பது நாய் நமக்குச் செய்கிற எச்சரிக்கை. அந்த வாயை அடைத்தது என் பணம். ஊசி போட அவரைத் தர்மாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

கண்டதும் பாய்கிற இந்த மாதிரி நாயை இங்கிலீஷில் 'ரியாக்டிவ்' என்கிறார்கள். வெறிநோய் வேறு, இது வேறு. பெரும்பாலும் இது வீரமே அல்ல, பயம். அந்நியனைக் கண்டதும் முதுகில் அடி விழுந்தால் நாய் என்ன கற்றுக்கொள்ளும்? 'அந்நியன் வந்தால் எனக்கு வலிக்கும்' என்றுதானே? அடுத்த முறை அது இன்னும் முந்திக்கொண்டு பாய்வதில் என்ன ஆச்சரியம்?

இதற்கு மாற்று வழி ஒன்றும் புதிதல்ல. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலார் 1951-இலேயே 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் எழுதினார். கேரன் ப்ரையர் என்ற அம்மாள், டால்பின்களைப் பழக்கிய அனுபவத்தோடு, 1984-இல் புத்தகமே போட்டார். வேண்டிய கருவி ஒரு சின்னக் 'கிளிக்கர்'. திருவிழாக் கடையில் நாம் வாங்கி அழுத்திய தகரத் தவளையின் 'டிக்' சத்தம்தான் அது. பேனாவின் பித்தானை அழுத்தினாலும் போதும்.

முதலில் 'டிக்' என்று அழுத்தி, உடனே ஒரு துண்டு அவித்த கோழி. இருபது முறை செய்தால், சத்தம் கேட்டால் தின்பண்டம் நிச்சயம் என்று நாய்க்குப் புரிந்துவிடும். பிறகு, நாய் அந்நியனைப் பார்த்தும் குரைக்காமல் நிற்கிற தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். என் நாய்க்கு அது எண்பது அடி. பார்க்கிறதா, 'டிக்', கோழி. பார்க்கிறதா, 'டிக்', கோழி. சில நாளில் அந்நியனைக் கண்டதும் அது தானே திரும்பி என் முகத்தைப் பார்த்தது. எழுபது அடி, அறுபது அடி என்று ஐந்து மாதம் நடந்தோம். குரைத்துவிட்டால் குற்றம் நாயுடையதல்ல. அவசரப்பட்டு நெருங்கிய என்னுடையது. வாய்க்கூடு போட்டுத்தான் வெளியே போனோம்; முதலில் மாட்டு வைத்தியரிடம் காட்டி, உடம்பில் வலி ஏதும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டோம். நம்மூர்ப் பிரியாணித் துண்டு மட்டும் கூடாது. வெங்காயமும் மசாலாவும் நாய்க்கு ஆகாது.

"நாய்க்கு லஞ்சம் கொடுக்கிறீரா?" என்று டீக்கடையில் ஒரு பெரியவர் சிரித்தார். லஞ்சம் காரியத்துக்கு முன்னால் கொடுப்பது ஐயா. காரியம் முடிந்த பிறகு கொடுப்பதற்குக் கூலி என்று பெயர். பூட்டுப் பட்டறையிலும் தோல் ஷாப்பிலும் உழைத்துப் பிழைத்த ஊரில் பிறந்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியாதா?

"நம்ம நாட்டு நாய் அடிக்குத்தான் அடங்கும்" என்கிறார் இன்னொருவர். 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டபோது பூரித்த வாய்தான் இதையும் சொல்கிறது! தபால்தலையில் கௌரவம், வாசலில் பிரம்பா? 2021-இல் அமெரிக்காவில் விலங்கு நடத்தை பயின்ற கால்நடை மருத்துவர் சங்கம், வெகுமதி முறையே எல்லா நாய்க்கும் ஏற்றது என்று அறிக்கை விட்டது. மூர்க்கமான நாய்க்கும் அதுவே என்றது.

2025-இல் தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுகளைப் பற்றி நாடே இரண்டு கட்சியாக நின்று கத்தியது. தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி; கிளிக்கர் அல்ல. நான் கேட்பது சொந்தக்காரன் உள்ள நாயைப் பற்றி. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாதது குற்றம் என்று 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் பதினோராவது பிரிவில் சொல்லுகிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி எந்தத் தோப்பிலாவது, எந்தப் பங்களா வாசலிலாவது ஒருவர் பேசக் கேட்டதுண்டா?

சங்கிலியில் கட்டிப் பைத்தியமாக்குகிறவர்கள் நாம். பைத்தியமானதும் அடிக்கிறவர்களும் நாம். கடைசியில் விஷம் வைக்கிறவர்களும் நாமே. இதற்குக் காவல் என்றா பெயர்?

இன்று காலை பால்காரர் வந்தார். நாய் அவரைப் பார்த்தது. திரும்பி என்னைப் பார்த்தது. நான் கூலியைக் கொடுத்தேன். அவர் இன்னும் நாலடி தள்ளியே நிற்கிறார். அவருக்கு நான் எந்த 'டிக்'கும் செய்ய முடியாது. அவர் நம்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.