வீட்டு ஆய்வு பணக்காரருக்கு மட்டும்தானா?

மும்பைக்குப் பிழைக்க வந்த நம்மவர்களில் பலருக்கும் ஒரே கனவுதான். தாராவியிலும் சயானிலும் ஒற்றை அறையில் காலம் தள்ளியது போதும். ஓய்வு பெறுவதற்குள் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பதே அது. பிராவிடண்ட் பண்டுப் பணம், மனைவியின் நகை, ஊரில் இருக்கும் கொஞ்ச நிலம், போதாததற்கு வங்கிக் கடன். இவ்வளவையும் சேர்த்துத்தான் டோம்பிவிலியிலோ, அம்பர்நாத்திலோ, நாலாசோப்பாராவிலோ ஒரு பிளாட் வாங்குகிறோம்.

ஊரில் மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; சுழி பார்ப்பார்; விவரம் தெரிந்த ஒருவரையும் கூட அழைத்துப் போவார். முப்பது, நாற்பது லட்சம் கொடுத்து வீடு வாங்கும் நாமோ, சுவரில் புதிதாக அடித்த வண்ணத்தைப் பார்த்துவிட்டு முன்பணத்தை நீட்டுகிறோம்.

எனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இப்படித்தான் வாங்கினார். கிரகப்பிரவேசம் சிறப்பாக நடந்தது. முதல் மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவர் முழுவதும் ஓதம் ஏறியது. மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கூரை வழியே சொட்டியது. பில்டரைக் கேட்டால் சொசைட்டியைக் கைகாட்டினார். சொசைட்டியோ மேல் வீட்டுக்காரரைக் கைகாட்டியது. தவணை மட்டும் மாதம் தவறாமல் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

வங்கி பார்த்தது போதாதா?

"வங்கியிலிருந்து எஞ்சினீயர் வந்து பார்த்தாரே!" என்று அவர் அங்கலாய்த்தார். பலரும் ஏமாறும் இடம் இதுதான். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளருக்குரிய கட்டணத்தை நாம்தான் கட்டுகிறோம். ஆனால் அவர் பார்ப்பது நமக்காக அல்ல. கொடுக்கும் கடனுக்கு அந்த வீடு ஈடாகுமா என்று வங்கிக்காகப் பார்க்கிறார். குழாய் ஒழுகுவதும் டைல்ஸ் உள்ளே பொள்ளலாக இருப்பதும் அவர் கவலை அல்ல.

அதற்கென்றே வீட்டு ஆய்வு நிறுவனங்கள் இன்று பெருநகரங்களில் வந்துள்ளன. சுவரின் ஈரத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள். டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள். மின் இணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா, குளியலறைத் தரையில் வாட்டம் இருக்கிறதா என்று சோதித்து அறிக்கை தருகிறார்கள். கட்டணம் வீட்டின் பரப்புக்கு ஏற்பச் சில ஆயிரங்கள். தரகருக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று நாம் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அல்ல.

ஆனால் இவர்களுடைய விளம்பரங்கள், நான் பார்த்த வரையில், கோடிக்கணக்கில் வீடு வாங்குபவரையும், வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே பணம் போடுபவரையும் நோக்கியே இருக்கின்றன. பணக்காரருக்கு ஒரு வீடு கெட்டால் இன்னொரு வீடு உண்டு. நமக்கு அந்த ஒன்றைத் தவிர வேறு இல்லை. இந்தச் சேவை முதலில் தேவைப்படுவது யாருக்கு?

யார் பணம், அவர் கண்

இந்தத் தொழிலில் பிரான்சைஸ் முறையும் உண்டு. பெரிய நிறுவனத்தின் பெயரையும் முறையையும் பணம் கட்டிப் பெற்று, ஊருக்கு ஊர் ஒருவர் கிளை நடத்துவார். வருமானத்தில் ஒரு பங்கைத் தலைமைக்குக் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் வேலை இடைவிடாமல் வரவேண்டும். வீடு வாங்குபவர் ஆயுளில் ஒருமுறை வருவார். தரகரும் பில்டரும் மாதந்தோறும் வேலை கொடுக்க முடியும். ஆய்வாளரின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1976-ல் தொடங்கப்பட்ட வீட்டு ஆய்வாளர் சங்கம், வேலை பிடித்துத் தருவதற்காகத் தரகர்களுக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்று தன் உறுப்பினர்களுக்கு விதி வகுத்திருக்கிறது. இங்கே வீட்டு ஆய்வாளருக்கென்று தனி உரிமச் சட்டம் இல்லை. எனவே நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வருபவர் படித்த எஞ்சினீயரா? தரகரிடமோ பில்டரிடமோ கமிஷன் உறவு உண்டா? பழுது பார்க்கும் கான்டிராக்டையும் அவரே எடுப்பாரா? பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆய்வாளர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார் என்பதும் இல்லை. தூணுக்குள் இருக்கும் கம்பி அவர் கண்ணுக்குத் தெரியாது. பத்திரங்களை வக்கீல்தான் பார்க்க வேண்டும். நம்மூரில் ஓ.சி. என்றால் இலவசம், இங்கே ஓ.சி. என்பது, குடியேறலாம் என்று நகராட்சி தரும் சான்றிதழ். அது இல்லாத கட்டிடத்தில் விலை மலிவு என்று நுழையாதீர்கள். 2013 ஏப்ரலில் மும்ப்ரா அருகே அனுமதியின்றி எழுப்பிய கட்டிடம் இடிந்து 74 பேர் மாண்டதை மறக்கலாகாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. ரேரா எனப்படும் 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து புகார் செய்தால், பில்டர் 30 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அப்போது கையில் ஒரு நடுநிலை அறிக்கை இருந்தால், வாய்ச்சண்டைக்கு இடமில்லை. வழக்குக்கு வலு உண்டு.

ஒரே கட்டிடத்தில் வீடு வாங்கும் நாற்பது குடும்பங்கள் சேர்ந்து ஆய்வாளரை அழைத்தால், கட்டணத்தைக் குறைத்துப் பேசலாம். பில்டரும் நாற்பது பேர் கேள்விக்கு மதிப்புக் கொடுப்பார். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் தமிழ்ச் சங்கங்கள் இந்தப் பொறுப்பை ஏற்கலாமே. ஆய்வு நிறுவனங்களும் சிந்திக்கட்டும்: மலபார் ஹில்லில் வீடு வாங்குபவர் சிலர்; கல்யாணுக்கும் விராருக்கும் ரயிலேறி வீடு தேடுபவர் பல்லாயிரம்.

வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பவர் நாம். அந்த வீட்டைப் பார்க்கும் கண்ணும் நம்முடையதாக இருக்கட்டும்.