தூத்துக்குடியில் புறப்பட்ட கப்பல்

நாடு கடத்தப்பட்ட வீரர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போகிற கதை கையில் கிடைத்துவிட்டால், நம்மில் பலருக்கு அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. ஆனால் அந்த வீரர்கள் சீமையிலேதான் இருக்க வேண்டுமா, என்ன? தூத்துக்குடிக் கடற்கரைக்கு வாருங்கள். முத்துக் குளிப்பதைப் பார்க்க அல்ல. அதுதான் 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்றே!

1801, பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் துரைமார்கள் விருந்துச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த நேரம். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிவிட்டார். வெள்ளைக்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழும்பி நின்றது. அடுத்தாற்போல் தூத்துக்குடியும் பாளையக்காரர் வசமாயிற்று. துறைமுக அதிகாரி பாகட் துரையைச் சிறைபிடித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? பின்னாலேயே போய்ப் புருஷனுக்காக மன்றாடினாள். அவரை விட்டுவிட்டார்கள்! கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தில் இது இருக்கிறது.

அந்த வருஷம் மே 24-ஆம் தேதி கோட்டை விழுந்தது. குற்றுயிராகக் கிடந்த ஊமைத்துரையை, அம்மை கண்ட பிள்ளை என்று சொல்லிப் பெண்கள் காப்பாற்றியது தனிக் கதை. இன்னொரு வாரம் சொல்கிறேன். அவர் மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதுகளுக்குத் தூக்கு. நவம்பர் 16-இல் ஊமைத்துரைக்கு.

மிச்சமிருந்தவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை விலங்கிட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். வேலு நாச்சியாரின் மகள் வெள்ளச்சியை மணந்த வேங்கை பெரிய உடையத் தேவரும் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். வயது பதினைந்து. பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் வயது, பாருங்கள்!

கைதிகளைக் காவல் காத்தவர்களில் வெல்ஷ் என்ற அதிகாரி இருந்தார். முன்பு ஒரு காலத்தில் அவருக்கு ஈட்டி பிடிக்கவும் வளரி வீசவும் சொல்லிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, அதே சின்ன மருதுதான். குருவின் பிள்ளை விலங்கோடு நிற்கிறான். சிஷ்யன் காவலுக்கு நிற்கிறான். வெல்ஷால் முடிந்தது, விலங்கின் பாரத்தைக் கொஞ்சம் குறைத்தது மட்டுமே.

1802, பிப்ரவரி 11. ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பல் பாய் விரித்தது. போக வேண்டிய இடம் பினாங்குத் தீவு. இரண்டு மாதத்துக்கு மேல் கடல் பயணம். முத்துக்காகக் கடலில் இறங்கியவன் மேலே வருகிற வரைக்கும் தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கமாக இருந்தது. இவர்களுக்கு அப்படிக் கயிறு பிடிக்க யார் இருந்தார்கள்?

பதினாறு வருஷங்கள் ஓடின. 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போயிருந்தார். ஒரு நாள் தளர்ந்துபோன ஓர் உருவம் அவர் முன்னால் வந்து நின்றது. யார் என்று வெல்ஷுக்கு விளங்கவில்லை. “துரைசாமி” என்றான் வந்தவன். அந்தப் பெயர் தம் நெஞ்சில் கத்தியாய்ப் பாய்ந்தது என்று, 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதியிருக்கிறார். விடுதலை வேண்டும் என்று துரைசாமி கேட்கவில்லை. ஊரில் உயிரோடு மிஞ்சியிருக்கிற சொந்தக்காரர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

உத்தியோகக் கடமை தடுத்ததாம். வெல்ஷ் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை.