லீவுக்கு குடும்பத்தோடு காட்டுக்கு போறீங்களா? குரங்கணியை மறந்துட்டு கிளம்பாதீங்க! - ஒரு அலசல்

போடி:

பரீட்சை முடிந்தால் எங்கே போவது? முன்பெல்லாம் கொடைக்கானல், ஊட்டி என்று பதில் வரும். இப்போது பசங்களுக்கு படகு சவாரியும் பூங்காவும் போரடித்து விட்டது. மலை ஏறணும், டெண்ட் அடித்து தூங்கணும், யானை பார்க்கணும் என்கிறார்கள். அப்பா, அம்மா, பாட்டி என்று குடும்பமே காரில் கிளம்பி தேனி மாவட்டத்துக்கு வருகிறது. மேகமலை, குரங்கணி, கொழுக்குமலை என்று ரவுண்டு அடிக்கிறார்கள்.

வரட்டும். டீக்கடைக்கும் ஜீப்காரருக்கும் அதில்தான் பிழைப்பு. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளிக்கூடம் லீவு விடும் நேரத்தில்தான் காடும் காய்ந்து கிடக்கிறது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் இருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கம் இருந்து ஒரு குழு. இரண்டும் கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கி வந்தபோது காட்டுத்தீயில் சிக்கின. ஆள் உயரத்துக்கு காய்ந்த புல், மலைக்காற்று. எந்த பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சிதறினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. உள்ளூர் மக்கள் டோலி கட்டி தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர் போனது. வனத்துறை அனுமதி கொடுத்தது டாப் ஸ்டேஷன் பாதைக்கு. அவர்கள் போனது கொழுக்குமலை பாதைக்கு.

அதன் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு மலையேற்றத்துக்கு தனி விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கி 40 பாதைகளுக்கு ஆன்லைன் புக்கிங் வந்தது. குரங்கணி - சாம்பலாறு பாதையும் அந்த பட்டியலில் உண்டு. பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். தீ பயத்தால் 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை எல்லா பாதையையும் மூடி வைத்தார்கள். இதெல்லாம் சரியான வேலைதான்.

அப்புறம் என்ன பிரச்சினை? புக்கிங் செய்து வரும் மலையேற்ற கோஷ்டி இந்த விதிக்குள் வந்து விடுகிறது. குடும்பமாக வருபவர்கள் வருவதில்லை. அவர்கள் தங்களை மலையேறுபவர்களாகவே நினைப்பது கிடையாது. "நாங்க சும்மா சுத்தி பார்க்க வந்தோம்" என்பதுதான் அவர்கள் பேச்சு.

கொழுக்குமலையையே எடுத்துக் கொள்வோம். இடம் நம்ம தேனி மாவட்டம். ஆனால் வண்டியில் போக வேண்டும் என்றால் கேரளாவின் சூரியநெல்லிக்கு போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். இந்த கூத்து வேறு எங்கே இருக்கும்? விடியற்காலை சூரிய உதயம் பார்த்து, டீத்தூள் வாங்கியதும், கீழே குரங்கணி கண்ணுக்கு தெரிகிறது. "இறங்குறது தானே, நடந்தே போயிடலாம்" என்று யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார். 2018-ல் 23 பேரை கொண்டு போனதும் இதே இறக்கம்தான் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டாமா? நம்ம வனத்துறையின் கண் அடிவாரத்தில் குரங்கணியில் இருக்கிறது. ஆள் வருவதோ மேலே, கேரளா பக்கமாக.

சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய போர்டு வைக்கலாம். தீ சீசன் முடியும் வரை மேலே இரண்டு வனக்காவலர்களை நிறுத்தலாம். இரண்டு மாநில வனத்துறையும் பேசினால் ஒரு வாரத்தில் முடிகிற காரியம்.

மேகமலை கதை வேறு. சின்னமனூரில் இருந்து ரோடு போவதால் அதையும் ஒரு ஹில் ஸ்டேஷன் என்றே நினைத்து வருகிறார்கள். 2021-ல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை அந்த பக்கம் சுற்றியபோது சுற்றுலா பயணிகளுக்கு தடை போட்டார்கள். மே 27-ந்தேதி கம்பம் டவுனுக்குள்ளேயே புகுந்து 144 போட வைத்தது. ஜூன் 5-ந்தேதிதான் பிடித்தார்கள். லீவுக்கு ரூம் போட்டவர்கள் பாடு திண்டாட்டம். யானை நம்ம லீவு பார்த்தா வரும்? சுருளி அருவியும் அடிக்கடி யானை நடமாட்டத்தால் மூடப்படுவது இங்கே எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் வாசலுக்கு வந்து சண்டை போடுகிறார்கள்.

தடை மட்டும் போட்டால் போதாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எல்லா வழியையும் மூடினால் குடும்பம் வீட்டுக்கு திரும்பாது. போன் நம்பர் கொடுத்து "நான் கூட்டிட்டு போறேன் சார்" என்று சொல்பவர் பின்னால் போகும். குழந்தைகள் நடக்க கூடிய சின்ன பாதை நாலைந்தை, தீ பயம் இல்லாத ஆற்றோரமாக பார்த்து, மலைவாழ் மக்களை வழிகாட்டியாக போட்டு, லீவு நாட்களில் திறந்து விடலாம். அவர்களுக்கும் நாலு காசு வரும்.

வருகிறவர்களுக்கும் ஒரு விஷயம். கோடை மழை இறங்காத வரை, ஏப்ரல் 15 தாண்டினாலும் புல் புல்தான், தீ தீதான். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். அதனால் புகை தெரிந்தால் மேலே ஓடக்கூடாது. புல் இல்லாத பாறை, ஏற்கனவே எரிந்து முடிந்த இடம் பக்கம் ஒதுங்க வேண்டும். நைலான் துணி தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பசங்களுக்கு பருத்தி துணியே போட்டு கூட்டி வாருங்கள்.