ஒரு சுவிட்ச், 121 உயிர்கள்

2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானம், சற்று நேரத்திலேயே மும்பைக்குத் திரும்பியது. 166 பயணிகளில் சுமார் 30 பேர் பாதிக்கப்பட்டனர். மூக்கிலும் காதிலும் ரத்தம் கசிந்தவர்களும் உண்டு. காரணம் என்ன? கேபினுக்குள் காற்றைச் செலுத்தும் சுவிட்சைப் போட விமானிகள் மறந்துவிட்டார்கள்!

நல்லவேளையாக, எல்லோரும் உயிருடன் தரையிறங்கினர். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிச் சென்ற ஹீலியோஸ் விமானத்துக்கு அப்படி வாய்க்கவில்லை. பழுது பார்த்தபோது மாற்றப்பட்ட காற்றழுத்த சுவிட்ச், தானியங்கி நிலைக்குத் திருப்பப்படாமல் அப்படியே இருந்தது. புறப்படும் முன் செய்த சோதனைகளிலும் அது யார் கண்ணிலும் படவில்லை.

விமானம் மேலே ஏறும்போது எச்சரிக்கை ஒலி எழுந்தது. ஆனால் தரையில் இருக்கும்போது வேறொரு கோளாறுக்கு ஒலிப்பதும் அதே ஒலிதான். விமானிகள் அதுவென்றே எண்ணிக்கொண்டார்கள். காற்றழுத்த சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று தரையிலிருந்த பொறியாளர் கேட்டபோதும், விமானி பதில் சொல்லாமல் வேறொன்றைப் பற்றி விசாரித்தார். சற்று நேரத்தில் இருவரும் நினைவிழந்தனர். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 121 பேரும் மாண்டனர்.

ஆக, இயந்திரம் எச்சரித்தது. மனிதர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார். ஆக்ஸிஜன் குறையும்போது வலியோ திணறலோ பெரிதாகத் தெரியாது. முதலில் மங்குவது சிந்தனைதான். தான் தடுமாறுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. இந்த விபத்துக்குப் பிறகுதான், இவ்வகை விமானங்களில் இரண்டு கோளாறுகளுக்கும் தனித்தனி எச்சரிக்கை விளக்குகள் கட்டாயமாயின.

பிள்ளைகளோடு பறக்கும் நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு அணிந்துகொண்டு, பிறகு பிள்ளைக்கு அணிவியுங்கள் என்பார்கள். பெற்ற மனம் இதை ஏற்காது. ஆனால் 35,000 அடியில் காற்றழுத்தம் திடீரெனப் போய்விட்டால், தெளிவாகச் செயல்பட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான் கிடைக்கும். தாய் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு யார் அணிவிப்பது?

முகமூடியை நன்றாக இழுத்தால்தான் ஆக்ஸிஜன் வரும். மூக்கு, வாய் இரண்டையும் மூடுங்கள். பை உப்பாவிட்டாலும் பதறாதீர்கள். ஆக்ஸிஜன் வந்துகொண்டுதான் இருக்கும். அது சுமார் 12 நிமிடங்களுக்குப் போதும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார்.

அடுத்த பயணத்தில் பணிப்பெண் செய்து காட்டும்போது, கைபேசியை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து கவனியுங்கள்.